பால் தராசில் நிறுத்த பிள்ளை

4 மார்ச் 2024, திங்கள்

காலையில் முதல் லோரி வருவதற்கு முன் எடைமேடையில் ஏறி நின்றேன். எழுபது என்று காட்டியது. பனி இன்னும் கலையவில்லை. செம்பனைகளின் கழுத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆலைப் புகை எது, பனி எது என்று பிரிக்க முடியாத நேரம் அது. அவ்வளவு நீளமான இரும்பு மேடையின் நடுவில் நான் மட்டும் நின்றேன்.

லோரியைப் பழக்குலையோடு நிறுக்கிற மேடை. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து, இந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை எழுதுகிற தராசு கிராணியாக உட்கார்ந்த நாளில் அறுபது காட்டியது. ஏழு வருஷம் அறுபதிலேயே நின்றேன். போன மாதம் ஒரு நாள் எழுபதுக்குத் தாவியது. உள்ளே இருப்பவள் ஒரு கிலோ கூட இருக்கமாட்டாள். ஆனாலும் அவள்தான் தள்ளிவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன். அவள் என்று எழுதுகிறேன். ஸ்கேன் எடுத்தவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மத்தியானம் கிளினிக்கிலிருந்து நர்ஸ், மிஸ்ஸி ரொஹானா, போன் செய்தார். போன வாரம் குடித்த சீனித் தண்ணி டெஸ்ட்டின் முடிவு வந்துவிட்டதாம். புதன்கிழமை வரச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "டத்தாங் டுலு லா" என்றார் மலாயில். முதலில் வா என்கிற குரலிலேயே பாதி விஷயம் இருந்தது.

6 மார்ச், புதன்

இனிப்புநீர். சர்க்கரை வியாதிதான், கர்ப்பத்தில் வருகிற வகை. வெறும் வயிற்றில் 5.6. சீனித் தண்ணி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 9.3. என் கிளினிக் புத்தகத்தின் அட்டையில் வேறு நிறத்தில் ஒரு வட்டம் ஒட்டிவிட்டார்கள்.

உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். பெயர் இந்துஜா, சிரம்பான் யாழ்ப்பாணக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், ஆனால் பேசும்போது தலைமையாசிரியை. "அக்கா, சோத்த நிறுத்தச் சொல்லல. ஒரு சின்னக் கிண்ணம் போதும். முதல்ல காய், மீனு. சோறு அப்புறம். சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நடங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க." கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள்.

விரலில் குத்திப் பார்க்கிற மிஷின் ஒன்றும் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு நான்கு தடவை குத்தி எழுத வேண்டும். எண்கள் அடங்காவிட்டால் இன்சுலின்.

அந்தச் சொல்லோடு காது அடைத்துக்கொண்டது. அப்பாவுக்கு இன்சுலின் போட ஆரம்பித்த வருஷம்தான் காலை எடுத்தார்கள். எனக்குப் பதினாறு வயது. ஊசியால் கால் போகவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. புத்தி சொல்லி யார் கேட்டார்கள்?

7 மார்ச்

கனவில் ஒரு லோரி நிறைய பலாச்சுளை. நிறுத்துப் பார்த்தால் எடை பூஜ்யம். எல்லாவற்றையும் நான் சாப்பிடலாம் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

10 மார்ச், ஞாயிறு

அத்தையிடம் இன்றுதான் சொன்னோம். என் மாமியார், பெயர் பஞ்சாலை. அறுபத்தேழு வயது. முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் சீவிய கை. கேட்டதும் சிரித்துவிட்டார். "வயித்துப் புள்ளைக்கு இனிப்பு வேணாமா? அதுங்க ஏதாச்சும் சொல்லும்லா. நீ நல்லா சாப்புடு. இவன் பொறந்தப்ப எத்தன கிலோ தெரியுமா?"

தெரியும். இந்தத் தோட்டத்தில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். 1988இல் என் கணவர் முகுந்தன் பிறந்தபோது, கிளினிக் தராசின் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றுவிட்டதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்குப் போய், மரத்துப் பால் நிறுக்கிற தராசில் துணி விரித்துப் படுக்க வைத்தார்களாம். ஐந்து கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு. சன்னாசி கங்காணி எண்ணைச் சத்தமாகப் படிக்க, சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்களாம். இன்றைக்கு டாங்கர் லோரி ஓட்டுகிற முப்பத்தாறு வயது மனிதர். இன்னும் சில பேர் வாயில் 'பால் தராசு' என்றுதான் இருக்கிறார்.

கதையின் மறுபாதியை யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணமான புதிதில் அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டு வருஷம் கழித்து அத்தை மறுபடியும் உண்டானார். அதைவிடப் பெரிய வயிறு. எட்டாம் மாதம் தங்கை தனலெட்சுமி பார்க்க வந்தார். வயிற்றில் கை வைத்து, "எம்மாம் பெருசுக்கா, இது முகுந்தனையே தோக்கடிச்சிரும்" என்றார். அடுத்த வாரம் பிள்ளை அசையவில்லை. பெண் பிள்ளை.

தங்கச்சி கண்ணு பட்டுவிட்டது என்று அத்தை முடிவு செய்தார். 1990இல் நின்ற பேச்சு. அந்தத் தங்கை, என் சின்னத்தை, இருப்பது பாரோயில், காரில் போனால் முக்கால் மணி நேரம். எங்கள் கல்யாணத்துக்குக் கூட வரவில்லை.

அதனால்தான் இந்த வீட்டில் என் வயிற்றைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. பெரிசு, சின்னது, எடை, எதுவும் பேசக்கூடாது. என் உள்ளங்காலில் தினமும் ஒரு மைப்பொட்டு. எனக்கு ஊசி பயம். அத்தைக்குக் கண் பயம். ஒரே வீட்டில் இரண்டு பயம் குடித்தனம் நடத்துகிறது.

14 மார்ச், வியாழன்

நோன்பு மாதம் தொடங்கிவிட்டது. ஆபீஸில் அஸ்லினா உட்பட எல்லோரும் நோன்பு. நான் மட்டும் பின்னால் ஸ்டோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 8.4. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8.9. இரண்டு மணி நேரம் கழித்து 6.7க்குள் இருக்க வேண்டும். அத்தை ஒரு கரண்டி கூடவே வைத்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரைக் குறை சொல்ல?

சாப்பிட்டதும் செம்பனைக்குள் நடந்தேன். காய்ந்த மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கியிருந்தார்கள். எலி பிடிக்க ஆந்தைக்கென்று கம்பத்தில் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. நான் நின்றேன். அதுவும் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லவில்லை, ஆந்தை முகத்தில் விழித்தேன் என்றால் இன்னொரு மைப்பொட்டு வரும்.

19 மார்ச், செவ்வாய்

இன்று குத்துகிற நாள். நாளை கிளினிக்.

காலையில் இரண்டு கிரீம் கிரேக்கர். மத்தியானம் வெள்ளரிக்காய். இரவு பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். 4.8, 5.1, 5.0, 5.3. அஸ்லினா என்னைப் பார்த்து, "நீயும் புவாசாவா?" என்று சிரித்தாள். நோன்பு மாதத்தில் பட்டினி கிடப்பவளை யார் கவனிக்கப் போகிறார்கள்.

20 மார்ச், புதன்

"ரொம்ப நல்லா செய்றீங்க அக்கா," என்றாள் இந்துஜா. வெட்கமே இல்லாமல் சிரித்தேன். வெளியே வந்ததும் மூன்று கரிபாப் வாங்கி நின்றபடியே தின்றேன்.

எடையைக் கூட்டிக் காட்ட லோரிக்காரர்கள் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாததா? குலைக்குத் தண்ணீர் அடிப்பார்கள். மண்ணோடு உதிரிப் பழத்தை அள்ளிப் போடுவார்கள். முருகையா அண்ணன் ஒரு தடவை குலையோடு நிறுக்கும்போது ஸ்பேர் டயரோடு வந்தார், இறக்கிவிட்டுக் காலி லோரியை நிறுக்கும்போது டயரைக் காணோம். பத்து நிமிஷத்தில் பிடித்தேன். ஆலையே சொல்லிச் சிரித்தது. அந்த மாதவிதான் இந்த மாதவி.

24 மார்ச், ஞாயிறு

மத்தியானத் தூக்கத்தில் வந்த கனவு. பனியில் எடைமேடை. ஒரு சின்னப் பெண் பிள்ளை அந்தக் கோடியிலிருந்து நடந்து வருகிறாள். காலில் செருப்பில்லை. நான் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன். எண் மாறவே இல்லை. பூஜ்யம். பூஜ்யம். அவள் மேடையைத் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டாள். கூப்பிட வாய் வரவில்லை. எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது.

27 மார்ச்

4.9, 5.0, 5.2, 4.7. தலை சுற்றல். நோட்டு மட்டும் அழகாக இருக்கிறது.

3 ஏப்ரல், புதன்

இன்று ஸ்கேன். டாக்டர் திரையில் கோடு போட்டு அளந்தார். தலை சரியான அளவு. வயிறு மட்டும் இரண்டு வாரம் முந்திப் போகிறது. சீனி கூடினால் பிள்ளைக்கு முதலில் வயிறுதான் பெருக்குமாம். என் நோட்டைப் புரட்டினார். மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று இந்துஜாவின் அறைக்கு அனுப்பினார்.

அவள் நோட்டை மேசையில் விரித்து எண்களின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு, "அக்கா, நீங்க தராசுலதானே வேலை? ஒரு லோரி தினமும் ஒரே எடையில வந்தா என்ன நினைப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஸ்பேர் டயர்னு நினைப்பேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முருகையா அண்ணன் கதையை அழுதுகொண்டே சொன்னேன். சிரிக்க வேண்டிய கதை. பிறகு அப்பாவின் கால்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பட்டினி கிடந்தா நோட்டு நல்லா வரும் அக்கா. பாப்பாவுக்கு நோட்டு தெரியாது. மத்த அஞ்சு நாள் நீங்க சாப்பிட்டதுதான் அதுக்குத் தெரியும்" என்றாள். பிறகு மெதுவாக, "உங்க அப்பா கால எடுத்தது ஊசி இல்ல. ஊசி லேட்டா வந்துச்சு, அதான்."

பதினெட்டு வருஷமாக யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

4 ஏப்ரல், வியாழன்

இன்சுலின் ஊசி போட்டாச்சு. தொடையில. கொசு கடிச்சாக்கூட இதவிட வலிக்கும். இதுக்கா இத்தன நாளு — இதுக்காடி மாதவி, வயித்துல இருக்கறவள ஏமாத்தின? உனக்கு அறிவு இருக்கா? ஏழு வருஷம் சாமி சாமின்னு கும்பிட்டுட்டு —

முகுந்தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "நாளைக்கு நான் போட்டு வுடவா?" என்றார். ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

14 ஏப்ரல், ஞாயிறு, சித்திரை முதல் நாள்

இப்போதெல்லாம் எண்கள் மேலும் கீழுமாக வருகின்றன. 6.9, 5.8, 7.2, 6.1. அழகில்லை. ஆனால் என்னுடையவை. ஊசியின் அளவை அதற்கேற்ப ஏற்றி இறக்குகிறார்கள். கத்தரிக்காயும் கெம்போங் மீனும் முதலில், சோறு கடைசியில். பாலும் சீனியும் கலந்த தே தாரிக் போய் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது தேநீராகிவிட்டது.

அத்தை பாயசம் வைத்தார். இரண்டு கரண்டி குடித்தேன், நடந்தேன், குத்தினேன். 6.3. சந்தோஷத்தில் ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. "அத்தை, நீங்களும் ஒரு தடவ குத்திப் பாருங்களேன்."

"எனக்கென்னா, நான் கல்லாட்டம் இருக்கேன்" என்று விரலை நீட்டினார். காய்ப்புக் காய்த்த விரல், ஊசி இறங்கவே இரண்டு தடவை ஆனது.

17.4.

"மிஷின் கெட்டுப் போச்சு" என்றார் அத்தை. மறுபடி என் விரலில் குத்தினேன். 6.2. மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அத்தையின் குதிகாலில் தைப்பொங்கலுக்கு வந்த புண் இன்னும் ஆறாமல் இருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. இவ்வளவு நாளும் அங்கேதான் இருந்தது.

17 ஏப்ரல், புதன்

அத்தையையும் கிளினிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள், புண்ணுக்கு மருந்து கட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பிறகு இந்துஜா. எத்தனை பிள்ளை, எத்தனை கிலோ என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வி. அத்தை முகம் மலர்ந்து பால் தராசுக் கதையை ஆரம்பித்தார். இந்துஜா முதலில் சிரித்தாள். அடுத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் அத்தை, "அது தங்கல. எட்டாம் மாசம். வூட்டு ஆளுங்க கண்ணு" என்றார்.

இந்துஜா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, அப்ப உங்களுக்கு யாராச்சும் சீனி டெஸ்ட் எடுத்தாங்களா?"

"தோட்டத்துல ஏது அதெல்லாம்?"

"முப்பத்து நாலு வருஷம் ஆச்சு, உறுதியா சொல்ல முடியாது ஆன்ட்டி. ஆனா முதல் பிள்ளை அஞ்சு கிலோ, அடுத்தது அதவிடப் பெருசு, கடைசி மாசத்துல… இனிப்புநீரா இருந்திருக்கலாம். அப்ப யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். காரில் வரும்போது, "அந்தப் பொண்ணு என்னா சொன்னா?" என்று கேட்டார். சொன்னேன். கோலா பிலா டவுனைத் தாண்டியதும் மறுபடி, "என்னா சொன்னா?" என்றார். மறுபடி சொன்னேன்.

21 ஏப்ரல்

நான்கு நாட்களாக அத்தை யாரோடும் பேசவில்லை. எனக்கு அளந்த கிண்ணத்தில் சோறு வைக்கிறார். ஒரு பருக்கை கூட அதிகமில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

சாயங்காலம் நடக்கக் கிளம்பினேன். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மழை விட்ட நேரம். மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மண்ணிலிருந்து ஆவி கிளம்பி முழங்கால் உயரத்துக்கு நின்றது. இருவரும் மேகத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

ஆந்தைப் பெட்டிக்குக் கீழே வந்ததும் நின்றார். "அப்ப யாரு கண்ணும் இல்லியா?" என்றார்.

"தெரியலங்க அத்தை."

"தனம் வெறுங்கையோட வர்லடி. எனக்குப் புடிக்கும்னு இனிப்புப் பால் டின்னு ரெண்டு வாங்கியாந்தா. அவ போனப்புறம் ஒரு வாரம் அதத்தான் ஊத்தி ஊத்திக் குடிச்சேன். புள்ள வளரட்டும்னு." கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாந்தான் கொன்னனா?"

நானும் போன மாதம் இதே கேள்வியைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மிஷின் இருந்தது, நோட்டு இருந்தது, எல்லாம் தெரிந்தே ஏமாற்றினேன். அத்தைக்கு என்ன இருந்தது? அதையே சொன்னேன். பட்டினி கிடந்ததை, நோட்டை, எல்லாவற்றையும். அத்தைக்குத் தெரியாமல் வைத்திருந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன். பெட்டியிலிருந்து ஆந்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை நிமிர்ந்து அதைப் பார்த்தார். "பாத்துட்டுப் போவட்டும்" என்றார்.

9 மே, வியாழன்

அசைவு எண்ணுகிற அட்டை கொடுத்திருக்கிறார்கள். நாளைக்குப் பத்து அசைவு. எப்போதும் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். இன்று லீவில் வீட்டில் இருந்தேன். பதினொரு மணிக்கு இரண்டு. பன்னிரண்டரைக்கும் இரண்டு. படுத்தேன், புரண்டேன், தண்ணி குடிச்சேன். ஏய், எழுந்திருடி. ஏய்.

முகுந்தன் டாங்கரோடு துறைமுகத்தில். அத்தையிடம் சொன்னதும் முகத்தில் ரத்தமே இல்லை. என் போனை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரை அழுத்தினார். மனப்பாடம். சேவையில் இல்லை என்று மலாயில் ஒரு குரல். மறுபடி அழுத்தினார். அதே குரல்.

"யாருக்கு அத்தை?"

"தனத்துக்கு."

வீட்டு டெலிபோன் நம்பர். முப்பத்து நான்கு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார்.

தோட்டத்து மேற்பார்வை மண்டோர் கணேசமூர்த்தி தன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். அறை முழுக்கச் சத்தம் — காலையில் பாய்லர் சூடேறும்போது ஆலை மூச்சு விடுமே, அப்படி. வேகமாக, நிற்காமல். இருக்கிறாள். தூங்கியிருக்கிறாள், அவ்வளவுதான் என்றார் நர்ஸ். சொல்லி முடிப்பதற்குள் ஒரு உதை. அத்தை சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

10 மே, வெள்ளி

முகுந்தன் வந்ததும் நேற்று நடந்ததைச் சொன்னேன், நம்பர் உட்பட. அவர் தலையைச் சொறிந்தார். தன் போனில் 'சின்னம்மா' என்று ஒரு பெயரை எடுத்து அத்தையிடம் நீட்டினார். பத்து வருஷமாகத் தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொண்டிருக்கிறார், கள்ளன்.

அத்தை கொல்லைப்பக்கம் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"வர மாட்டாளாம்."

கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இல்லடி. நான் வந்து பாத்து இந்தப் புள்ளைக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா என்னா பண்றதுங்கறா. அன்னியிலேர்ந்து எந்தப் புள்ளையையும் நிமிந்து பாக்கறது இல்லியாம். சொந்தப் பேரப்புள்ளைங்கள கூட." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் சொன்னத நம்பிட்டாடி அவ."

30 மே, வியாழன்

நேற்றுக் காலை 9.40. வலி வரவழைத்துப் பிறந்தாள். 3.2 கிலோ. குதிகாலில் குத்திச் சீனி பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. அவள்தான். நான் முதலிலேயே சொன்னேன்.

15 ஜூன், சனி

நாள் என்ன, கிழமை என்ன என்று காலண்டரைப் பார்த்தால்தான் தெரிகிறது. பால், தூக்கம், பால். ஜன்னலில் வெயில் வருகிறது, போகிறது. அவள் வாய் பால் வாசம், அறை பெருங்காய வாசம், நான் இரண்டுக்கும் நடுவில் மிதக்கிறேன்.

இன்சுலினைப் பிரசவத்தோடு நிறுத்திவிட்டார்கள். அத்தை பத்தியத்துக்குப் பூண்டும் மிளகும் கருவாடும் வைக்கிறார். பிள்ளை பெத்த மருந்தில் கருப்பட்டியைக் கைவிட்டுவிட்டார், ஒரே காரம், கண்ணில் தண்ணீர் வருகிறது. "எனக்கும் அதான், குடி" என்கிறார். இப்போது அவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. எழுதத் தெரியாது, எண் மட்டும் போடுவார். காலை 9.1.

7 ஜூலை, ஞாயிறு

ஆலை ஓடாத நாள். அவளைத் தூக்கிக்கொண்டு அத்தையோடு எடைமேடை வரை நடந்தேன். ஏறி நின்றேன். அறுபது. இறங்கி, அவளை அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினேன். அதே அறுபது. அவ்வளவு பெரிய மேடை, இவளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அத்தை, "நல்லதாப் போச்சு" என்றார், பழைய பழக்கத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

புதன்கிழமை பிள்ளைக்கு ஆறு வாரம் முடிகிறது. மறுபடி சீனித் தண்ணி டெஸ்ட். வீட்டுக்கு வந்ததும், எல்லாம்தான் போய்விட்டதே, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அங்கே எதற்கு உட்கார வேண்டும் என்று இழுத்தேன். அத்தை காலண்டரில் போட்டிருந்த வட்டத்தைக் காட்டினார். "போவணும். நானும் வரேன், எனக்கும் அன்னிக்குத்தான் ரத்தம். புள்ளையப் பாத்துக்க ஆளு வருது."

யார் என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

10 ஜூலை, புதன்

காலை ஏழு மணிக்கு ஒரு கார் வந்து ஒருவரை இறக்கிவிட்டுப் போனது. மெலிந்த உருவம், அத்தையின் அதே மூக்கு. சின்னத்தை. வாசல்படியிலேயே நின்றார். "அக்கா, நீ போன்ல அழுததால வந்தேன். நான் இங்கியே வெளிய ஒக்காந்துக்கறேன்" என்றார்.

அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். என் கையிலிருந்த பிள்ளையை வாங்கி அவர் மடியில் வைத்தார். "நாங்க ரெண்டு பேரும் கிளினிக்கு போறோம். வர மத்தியானம் ஆவும். பாலு எடுத்து வச்சிருக்கு. நீதான் பாத்துக்கணும்."

"அக்கா, என்னை நம்பியா?"

"ஒன்னத்தான்."

காரை நான் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

சீனித் தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன். நேற்று வயிறாரச் சாப்பிட்டிருந்தேன், எந்தத் தில்லுமுல்லும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து 8.1. இனிப்புநீர் இல்லை. முழுசாகப் போகவும் இல்லை. "நடுவுல நிக்கறீங்க அக்கா" என்றாள் இந்துஜா. "நடைய விடாதீங்க, கிண்ணத்த மாத்தாதீங்க, பால் கொடுங்க. வருஷம் ஒரு தடவ வந்து டெஸ்ட் எடுங்க." அத்தையின் புண் மூடிவிட்டது. சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடக்கிறோம் என்று சொன்னதும் எழுந்து வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. சின்னத்தை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பால் பாட்டில் காலி. பிள்ளை மடியில் தூங்குகிறது. அவர் முகம் மட்டும் ஜன்னல் பக்கம், செம்பனைகளைப் பார்த்து.

"பாத்தியா?" என்றார் அத்தை.

"பாக்கலக்கா. கையாலயே தடவித் தடவித்தான் பாலு குடுத்தேன்."

அத்தை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தங்கையின் தாடையைப் பிடித்து மெதுவாகக் கீழே திருப்பினார். சின்னத்தை கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பிறகு திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எம்மாம் கனம் இருக்கா, சொல்லு" என்றார் அத்தை.

சின்னத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நல்ல கனம்க்கா."

"இன்னொரு தடவ சொல்லு தனம்."